ரூகர் மார்க் 4-க்கு 200 டாலருக்குள் ரெட் டாட்: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஹையோவில் இருக்கிறீர்கள், வயது 47. பக்கத்து கிளப்பில் சேர்ந்து ஒற்றைக் கையால் காகித டார்கெட்டைச் சுடும் புல்ஸ்ஐ போட்டிக்குப் பழகுகிறீர்கள். கையில் இருப்பது ரூகர் மார்க் 4 டார்கெட், சின்னத் தோட்டா போடும் .22 பிஸ்டல். படிக்கும் கண்ணாடி வந்ததிலிருந்து குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் முன் சைட் மங்கலாகிவிட்டது. கிளப்பில் ஒருவர் "வாங்கினால் எய்ம்பாயிண்ட் வாங்கு, இல்லையென்றால் சும்மா இரு" என்று விலை கூடிய ஒரு பிராண்டைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கணக்குச் சொல்லக்கூடிய தொகை 200 டாலர். அதற்குள் உருப்படியான ரெட் டாட், அதாவது சிவப்புப் புள்ளியை வைத்துக் குறி பார்க்கும் சைட், கிடைக்குமா, குழாய் மாதிரி இருப்பதா திறந்த மாதிரியா, புள்ளி எத்தனை எம்ஓஏ (அதன் அளவைச் சொல்லும் கோண அலகு), இதெல்லாம் தெரிய வேண்டும் என்கிறீர்கள்.

கிடைக்கும். .22-க்கு என்றால் 200 டாலரில் சைட், அதை மாட்டும் ரயில் என்ற உலோகப் பட்டை இரண்டும் வாங்கிவிட்டுத் தோட்டாவுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். வைத்த இடத்தில் புள்ளி அசையாமல் நிற்க வேண்டும், தேவையான அளவுக்கு அதன் வெளிச்சத்தைக் குறைக்க முடிய வேண்டும். டார்கெட் சுடுபவன் இந்த இரண்டுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும், இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடியோடு வேலை செய்யும், சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் வேறு வேலைக்கு வாங்குபவர்களுக்கு.

அந்தக் கிளப்காரர் சொன்னதும் பொய்யில்லை. அவர் அநேகமாக .45-ஐ மனதில் வைத்துப் பேசுகிறார். புல்ஸ்ஐயின் முழுப் போட்டி 2700 புள்ளி. .22, சென்டர்ஃபயர் (.22-ஐவிடப் பெரிய தோட்டா), .45 என்று மூன்று சுற்று, ஒவ்வொன்றிலும் 90 தோட்டா, 900 புள்ளி. 1911 வகை .45-இல் ஸ்லைடு என்ற மேல்பகுதி ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் பறந்து முட்டி, திரும்ப முன்னால் வந்து அறைகிறது. அதன் முதுகில் சைட்டை மாட்டினால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் இரண்டு தடவை சுத்தியலால் தட்டு வாங்குவது போலத்தான். பேட்டரித் தொடர்பு விடும், திருகு தளரும், உள்ளே சாலிடர் விரிசல் விடும். அங்கே எய்ம்பாயிண்ட் மைக்ரோ மாதிரி 500 டாலருக்கு மேல் போகும் சரக்குக்கு அர்த்தம் இருக்கிறது.

மார்க் 4-இல் கதையே வேறு. குழலும், அதன் பின்னால் இருக்கும் உடலான ரிசீவரும் ஒரே துண்டாக அசையாமல் நிற்க, உள்ளே போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடுகிறது. சைட் உட்காருவது அந்த அசையாத ரிசீவர் மேல். துப்பாக்கியே கிட்டத்தட்ட ஒரு கிலோ, .22-இன் உதைப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த இடத்தில் 100 டாலர் சைட்டும் வருடக்கணக்கில் உழைக்கும். பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

அயர்ன் சைட்டில், அதாவது துப்பாக்கியோடு வரும் சாதாரண சைட்டில், நீட்டிய கையின் முனையில் முன் சைட், அதற்குக் கொஞ்சம் இப்பால் பின் சைட், 50 கெஜத்துக்கு அப்பால் டார்கெட் என்று கண்ணுக்கு மூன்று வேலை. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பிடிக்கும். அதனால்தான் முன் சைட்டைப் பார், டார்கெட் மங்கினால் மங்கட்டும் என்று சொல்லித்தருவார்கள். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்ததும் அந்த முன் சைட்டே கையை விட்டுப் போகிறது. ரெட் டாட்டுக்குள் ஒரு சின்ன எல்இடி இருக்கிறது. அதன் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, இணைக் கதிர்களாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. வெகு தூரத்திலிருந்து வரும் ஒளி மாதிரி கண் அதை எடுத்துக்கொள்ளும். டார்கெட் தெளிவாக இருந்தால் புள்ளியும் தெளிவாக இருக்கும். தூரப் பார்வைக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடுங்கள், படிக்கும் கண்ணாடியைப் பையில் வையுங்கள்.

ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் இந்த எலக்ட்ரானிக் சைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1975-இல். அரை நூற்றாண்டுச் சங்கதி. அடிப்படை வேலை எளிது என்பதால்தான் மலிவு விலையிலும் ஒழுங்காகச் செய்ய முடிகிறது. வளைந்த கண்ணாடியில் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடும் பூச்சு ஒன்று உண்டு. மலிவு சைட்டில் அது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், பார்த்தால் உலகம் லேசாக நீலம் பூத்துத் தெரியும். டார்கெட்டில் கறுப்பும் வெள்ளையும்தானே, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஒன்று வாங்கி வாங்களேன்" என்று கேட்டான். ஒலிம்பிக்கில் நடக்கும் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் அயர்ன் சைட் மட்டும்தான் அனுமதி. ரெட் டாட்டோ லென்ஸ் வைத்த எதுவோ கூடாது. இந்தியாவில் அந்தப் போட்டிகளுக்கும் அதே விதிதான். அதில் இறங்கப் போகிறவன் டாட்டில் பழகினால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். தவிர, துப்பாக்கி சைட்டுகளுக்கு அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு, பெட்டிக்குள் ஊறுகாயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு விமானம் ஏறும் பொருளில்லை அது. அமெரிக்காவின் புல்ஸ்ஐயில் ரெட் டாட் சர்வ சாதாரணம். டார்கெட் மேலே ஒளி பாய்ச்சும் லேசர்தான் அங்கே கூடாது. அங்கேயும் அயர்ன் சைட் மட்டும் என்று சில போட்டிகள் தனியாக உண்டு, பெயர் கொடுக்குமுன் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புள்ளியின் அளவு. கடைக்காரர்கள் "2 எம்ஓஏ தான் துல்லியம்" என்பார்கள். ஒரு எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்றே அதிகம், 50 கெஜத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றே அதிகம். 50 கெஜ டார்கெட்டில் 10-ஆம் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஆறரை எம்ஓஏ. 2 எம்ஓஏ புள்ளி அதில் ஓர் அங்குலத்தை மறைக்கும், 4 எம்ஓஏ இரண்டு அங்குலத்தை. எதுவும் பத்தை முழுசாக மூடுவதில்லை. 25 கெஜத்திலும் பத்து வளையம் அதே 3.36 அங்குலம்தான். அங்கே புள்ளி பாதியாகச் சுருங்கிவிடும், இன்னும் வசதி.

ஆனால் ஒற்றைக் கையால், ஆடிக்கொண்டே சுடும்போது சின்னப் புள்ளிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆடுவது அத்தனையும் கண்ணில் படும். 2 எம்ஓஏ புள்ளி கொசு மாதிரி துடிக்கும், 4 அல்லது 6 கொஞ்சம் சோம்பலாக மிதப்பது போலத் தெரியும். கை ஆடுவது என்னவோ ஒன்றுதான். புதிதாகப் பழகுபவர்களுக்கு 3-லிருந்து 4 வரை நல்லது என்பேன். உங்களுக்குப் பிடித்த சைட் 2-இல் மட்டும்தான் வருகிறது என்றால் அதற்காக அதை விட வேண்டாம், வெளிச்சத்தை ஒரு படி ஏற்றினால் அது பெரிதாகத் தெரியும். 10 விநாடியில் 5 தோட்டா போட வேண்டிய ராபிட் ஃபயரில் அப்படி ஏற்றிக்கொள்பவர்கள் நிறைய.

வெளிச்சத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை, வாங்கியபின் எல்லோரும் அதைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். எங்கள் கிளப்பில் குளிர்காலத்தில் உள்ளரங்கில் 50 அடி லீக் நடக்கும். டார்கெட் மேல் மட்டும் பளீரென்று விளக்கு, நாம் நிற்கும் இடம் அரை இருட்டு. போன வருடம் ஒருவர் புது சைட்டோடு வந்தார். நடுப் படியில் ஆன் செய்தார். எட்டிப் பார்த்தால், ஈரக் கையால் வைத்த குங்குமப் பொட்டு மாதிரி வழிந்து பரவியிருந்தது, கறுப்பு வட்டத்தையே காணோம். ஒவ்வொரு படியாகக் குறைத்துக் கடைசிப் படிக்கு வந்தோம். அதிலும் ஓரமெல்லாம் முள் முள்ளாக நின்றது. அந்த சைட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் குறை சொல்லவே முடியாது. அன்றிரவு அவர் அயர்ன் சைட்டில் சுட்டார்.

அதனால் கடையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இருண்ட மூலையைப் பார்த்து, எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்ற கட்டம் வரை மங்க வேண்டும். சுடும்போது அதற்கு ஒரு படி மேலே வைத்துக்கொள்வதுதான் சரியான அளவு. தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் சைட்டுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் உணர்வுப்பொறி நீங்கள் நிற்கும் இடத்து வெளிச்சத்தை அளக்கிறது. நீங்கள் கூரைக்கு அடியில் நிழலில், டார்கெட் சுள்ளென்ற வெயிலில் என்றால், அது இருட்டாக இருப்பதாக நினைத்துப் புள்ளியை மங்கவைக்கும், வெள்ளைக் காகிதத்தின் முன் புள்ளி தொலைந்துபோகும். கையால் மாற்றும் வசதி உள்ளதாகவே வாங்குங்கள்.

திருகும் குமிழ் வைத்தவை எனக்குப் பிடிக்கும். பார்க்காமலே எண்ணி மாற்றலாம். பட்டன் வைத்த பலவற்றில் இரவுக் கண்ணாடிக்கான படிகளும் சேர்ந்தே இருக்கும், அவற்றில் புள்ளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைனஸை இரண்டு தடவை கூட அழுத்திவிட்டு, சைட் செத்துப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பக் கிளம்பியவரை நான் பார்த்திருக்கிறேன்.

குழாயா, திறந்ததா? திறந்தது என்றால் ஒரே ஒரு கண்ணாடி சட்டத்தில் நிற்கும், எல்இடி பின்னால் வெளியே இருக்கும். எடை குறைவு, குழலை ஒட்டித் தாழ உட்காரும். தூறல் விழுந்தால் எல்இடி மேல் ஒரு சொட்டு நின்று, புள்ளி ஏழெட்டாக உடையும். புல்ஸ்ஐக்காரர்களின் கோயில் மாதிரி இருப்பது ஒஹையோவின் கேம்ப் பெர்ரி. 1907-லிருந்து தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். எரி ஏரியின் கரையிலேயே இருக்கிறது, காற்றும் மழையும் சொல்லிக்கொண்டு வராது. ஒருநாள் நீங்களும் அங்கே போவீர்கள். குழாய் வகையில் உள்ளே எல்லாம் மூடியிருக்கும், முன்பக்கம் நீட்டுக் குழாய் மாட்டி வெயிலைத் தடுக்கலாம், தூசு படிந்தால் துடைக்க எளிது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. குழாய்க்குள் புள்ளி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கு உடனே தெரியும். வட்டத்துக்குள் வட்டம் என்று கண் தானாக நடுவைத் தேடும். மணிக்கட்டு நேராக இல்லாமல் மடங்கியிருந்தால், புள்ளி ஓரத்துக்குப் போவதைப் பார்த்ததும் புரிந்துவிடும். பழகும் காலத்தில் சொல்லித்தர ஆள் பக்கத்தில் இருப்பது போல. உங்களுக்கு என் ஓட்டு குழாய்க்கு.

சரி, பெயர்கள். விலைகள் தள்ளுபடியைப் பொறுத்து ஏறி இறங்கும், சுமாராகவே சொல்கிறேன். புஷ்னெல் டிஆர்எஸ்-25, 100 டாலருக்குள். 25 மில்லிமீட்டர் குட்டிக் குழாய், 3 எம்ஓஏ, 11 படிக் குமிழ், சிஆர்2032 பேட்டரி, நேராக ரயிலில் கவ்வும் பிடி. கண்ணாடி கொஞ்சம் நீலம், குமிழ் கொஞ்சம் இறுக்கம். .22-இன் மேல் அந்த விலைக்கு இதைவிட நேர்மையான சரக்கு எனக்குத் தெரியவில்லை. சிக் ரோமியோ5, ஹோலோசன் 403பி இரண்டும் அதற்கு அடுத்த படி. 2 எம்ஓஏ, எய்ம்பாயிண்ட் மைக்ரோ உருவத்தில் இருப்பவை. ரோமியோ5 அசையாமல் கிடந்தால் அணைந்துவிடும், எடுத்ததும் எரியும். இரண்டோடும் ரைஃபிளுக்கான உயரக் கட்டையும் தாழ்வான பிடியும் சேர்ந்தே வரும். பிஸ்டலுக்குத் தாழ்வானதை மாட்டுங்கள், கட்டையைப் பெட்டியிலேயே விடுங்கள்.

திறந்த வகைதான் வேண்டும் என்றால் வோர்டெக்ஸ் வெனம். 3 அல்லது 6 எம்ஓஏ, சிஆர்1632 பேட்டரி மேலிருந்தே மாற்றலாம். இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். பேட்டரி அடியில் இருக்கும் சைட்டுகளைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும், மாற்றியபின் சரிபார்க்க மறுபடி ரேஞ்சுக்குப் போக வேண்டும். அதே நிறுவனத்தின் வைப்பர் அந்த ரகம். பர்ரிஸ் ஃபாஸ்ட்ஃபயர் 3-இலும் பேட்டரி மேலேதான், ஆனால் கையால் மாற்றும் வெளிச்சப் படிகள் மூன்றே மூன்று. நமக்கு அது போதாது.

பழைய புல்ஸ்ஐ ஆட்கள் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தால் அல்ட்ராடாட் இருக்கும். 1 அங்குலம் அல்லது 30 மில்லிமீட்டர் குழாய், 4 எம்ஓஏ, வளையங்களோடு வரும். மேட்ச்டாட் என்ற வகையில் 2, 4, 6, 8 என்று புள்ளியின் அளவையே மாற்றலாம். இவற்றைப் புதிதாக வாங்குவதைவிட, கிளப்பில் யாராவது விற்கிறார்களா என்று கேளுங்கள். நாலைந்து வருடம் .22-இன் மேல் உட்கார்ந்திருந்த அல்ட்ராடாட் பாதி விலைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். .45-இன் மேல் இருந்தது என்றால் கண்ணைத் திறந்துகொண்டு எடுங்கள். இணையத்தில் 60 டாலருக்கு எய்ம்பாயிண்ட் என்று போட்டிருந்தால் அது எய்ம்பாயிண்ட் இல்லை. பொம்மைத் துப்பாக்கிகளுக்காக அதே உருவத்தில், அதே எழுத்தோடு வார்க்கும் போலிகள் ஏராளம்.

இதில் எதை? நானாக இருந்தால் டிஆர்எஸ்-25 அல்லது ரோமியோ5. உள்ளரங்கிலேயே அதிகம் சுடுவீர்கள் என்றால், வாங்குமுன் கிளப்பில் யாரிடமாவது இருக்கும் ஒன்றை அந்த விளக்குக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலில் ரயிலுக்குப் பொருந்தும். சைட்டுக்குக் கொடுத்த கவனத்தில் பாதிகூட யாரும் அதற்குக் கொடுப்பதில்லை. மார்க் 4 டார்கெட்டின் ரிசீவரில் ரயிலுக்கான திருகுத் துளைகள் தயாராகவே இருக்கும். உங்கள் மாடலோடு ரயில் வராவிட்டால் மார்க் 4-க்கென்றே செய்த அலுமினிய ரயில் தனியாகக் கிடைக்கும். வீவர், பிக்கடின்னி என்று இரண்டு பெயர் பார்ப்பீர்கள். வீவரின் குறுக்குப் பள்ளம் 0.180 அங்குலம், பிக்கடின்னியின் பள்ளம் 0.206. வீவருக்குச் செய்த பிடி பிக்கடின்னி ரயிலில் உட்கார்ந்துவிடும், மறுபக்கம் அப்படி இல்லை. எனவே பிக்கடின்னி ரயில் வாங்கினால் தொல்லை இல்லை. வீவர் பிடியை அதில் மாட்டும்போது மட்டும் பள்ளத்துக்குள் கொஞ்சம் இடைவெளி இருக்கும். இறுக்குமுன் சைட்டை முன்பக்கமாகத் தள்ளி முட்டவைத்து இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம்.

திருகுகளுக்கு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடுபண்ணித்தான் கழற்ற வேண்டும். போடுமுன் திருகையும் துளையையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். முதல் வருடம் மலிவாகக் கிடைத்த ஒரு ரயிலை மாட்டினேன், லாக்டைட் கையில் இல்லை, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் குரூப், அதாவது தோட்டாத் துளைகளின் கூட்டம், இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. ட்ரிகரைத் தப்பாக இழுக்கிறேன் என்று நினைத்தேன். வலதுகைக்காரன் இடப்பக்கம் போட்டால் எல்லோரும் சொல்வது அதைத்தானே. வீட்டில் தினமும் அரை மணி நேரம் வெற்றுத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ட்ரிகர் பயிற்சி. கிளப்பில் ஒருவர் என் பிடியை மாற்றினார், இன்னொருவர் நிற்கும் கோணத்தை மாற்றினார். ஒருநாள் துடைப்பதற்காகக் குழாயைப் பிடித்தேன், அது கதவுக் கைப்பிடி மாதிரி கையோடு திரும்பியது. முன் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. பிடியையும் நிற்பதையும் பழையபடி கொண்டுவர இன்னும் ஒரு மாதம் ஆனது. இப்போது இறுக்கியபின் திருகுத் தலையிலிருந்து ரயில் வரை வெள்ளை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. நகப்பூச்சு மகளுடையது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சைட் வந்து சேர்ந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டு மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது புள்ளியின் உருவம். வால் நட்சத்திரம் மாதிரியோ திராட்சைக் கொத்து மாதிரியோ தெரிந்தால் உடனே சைட்டைத் திட்டாதீர்கள். கைபேசி கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில், அஸ்டிக்மாட்டிசம். சைட்டை மட்டும் கையில் பிடித்துச் சுற்றினாலும் தெரியும். வால் சைட்டோடு சேர்ந்து சுற்றினால் குறை சைட்டில், அதே திசையில் நின்றால் கண்ணில். கண்ணில் என்றால் 200 டாலரைக் கண் டாக்டரிடம் செலவழிப்பது புத்திசாலித்தனம். தூரப் பார்வைக்கு அதைச் சரிசெய்த கண்ணாடியைப் போட்டால் அதே மலிவு சைட்டில் புள்ளி உருண்டையாகிவிடும். அது முடியாவிட்டால் வெளிச்சத்தைக் குறைத்தால் வால் சுருங்கும்.

இரண்டாவது, பேரலாக்ஸ், அதாவது தலை நகர்ந்தால் டார்கெட் மேல் புள்ளியும் நகர்வது. பேரலாக்ஸே இல்லை என்று விளம்பரம் சொல்லும். கொஞ்சம் எல்லாவற்றிலும் உண்டு. துப்பாக்கி காலி என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ரேஞ்சில் மணல் பையில் அசையாமல் வைத்து, புள்ளியை டார்கெட் நடுவில் நிறுத்துங்கள். துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துங்கள். புள்ளி கண்ணாடிக்குள் ஓரம் வரை போகும், அது இயல்பு. டார்கெட் மேல் அது எவ்வளவு நகர்கிறது என்பதுதான் கேள்வி. 50 கெஜத்தில் ஓரத்தில் ஓர் அங்குலம் நகர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பத்து வளையத்தை விட்டே வெளியேறினால் திருப்பி அனுப்புங்கள்.

மூன்றாவது, சைட்டைத் திருத்தும் திருகின் கிளிக்குகள் சொன்னபடி நகர்கின்றனவா. பையில் வைத்து 5 தோட்டா சுட்டு, 10 கிளிக் வலது திருப்பி 5, 10 கிளிக் மேலே 5, பிறகு இடது 10, கீழே 10 என்று சதுரமாகச் சுற்றி வாருங்கள். கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த சைட் எந்தப் பெயரோடு வந்தாலும் வேண்டாம்.

சரிசெய்யும் கணக்கு எளிது. கிளிக் ஒன்றுக்கு ஒரு எம்ஓஏ என்று எழுதியிருந்தால் 50 கெஜத்தில் கிட்டத்தட்ட அரை அங்குலம். குரூப் 3 அங்குலம் இடப்பக்கம் என்றால் 6 கிளிக் வலது. 25 கெஜத்தில் அதே 3 அங்குலத்துக்கு 12 கிளிக். 50-இல் சரிசெய்துவிட்டு 25-இல் சுட்டால் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேக) .22 தோட்டா கொஞ்சம் மேலே போகும், முக்கால் அங்குலம் அளவுக்கு. இரண்டு மூன்று கிளிக் இறக்க வேண்டியிருக்கும். உங்கள் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் எத்தனை என்று சுட்டுப் பார்த்து, பெட்டி மூடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். போட்டி நடுவில் நினைவு வராது.

முதல் நாள் ஒன்று நடக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். "என் கை இவ்வளவு ஆடுமா!" என்று திகைப்பீர்கள். அயர்ன் சைட்டிலும் அவ்வளவுதான் ஆடியது, தெரியவில்லை. புள்ளி பத்துக்குள் நுழையும் அந்தக் கணத்தில் படக்கென்று ட்ரிகரை இழுக்கத் தோன்றும். அப்படி இழுத்த தோட்டா பெரும்பாலும் 7-இல் போய் உட்காரும். புள்ளி கறுப்புக்குள் எங்கே மிதந்தாலும் மிதக்கட்டும் என்று விட்டு, ட்ரிகரை ஒரே சீராக அழுத்திக்கொண்டு போனால் 9-உம் 10-உமாக வரும். முதல் இரண்டு வாரம் டார்கெட்டைத் திருப்பி மாட்டி, வெறும் வெள்ளைக் காகிதத்தில் சுடுங்கள். துரத்துவதற்கு ஒன்றும் இல்லாதபோது விரல் ஒழுங்காக வேலை செய்யும்.

கடைசியாக, பழைய சைட்டைக் கழற்றி வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பின் சைட் ரிசீவரின் கடைசியில் தாழ இருக்கிறது, ரயிலுக்கும் குழாய்க்கும் அது இடைஞ்சல் இல்லை. மாட்டுவதற்கு முன் அதன் திருகுகள் எத்தனை கிளிக்கில் நிற்கின்றன என்று மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அயர்ன் சைட் போட்டி ஒன்று வந்தால் ரயிலைக் கழற்றிவிட்டு அப்படியே போய்விடலாம்.